பைபிளில் உள்ள தானியேல் நூல் பாபிலோன் காலத்தில் எழுதப்படவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கதை நடக்கும் காலம் வேறு, எழுதிய காலம் வேறு. தானியேல் வாழ்வதாகச் சொல்லப்படுவது கி.மு. 6-ஆம் நூற்றாண்டு, பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில். ஆனால் நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றது கி.மு. 167-க்கும் 164-க்கும் இடையில் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இவ்வளவு குறுகிய இடைவெளியைச் சொல்ல முடிவதற்கு 11-ஆம் அதிகாரம்தான் காரணம். அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்தை ஆண்ட தாலமிகளும் சிரியாவை ஆண்ட செலூக்கியர்களும் போட்ட சண்டைகள், செய்துகொண்ட கல்யாண சம்பந்தங்கள் எல்லாம் அதில் ‘தென்திசை ராஜா’, ‘வடதிசை ராஜா’ என்ற பெயரில் வரிசையாக வருகின்றன. செலூக்கிய ராஜா நான்காம் அந்தியோகஸ் கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது வரை அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. அப்புறம்தான் தடம் மாறுகிறது. அவன் எகிப்தை மறுபடி வெல்வான், கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டிருக்கையில் அவனுக்கு முடிவு வரும் என்கிறது நூல். அவன் செத்ததோ பாரசீகப் பக்கம், கி.மு. 164-இல். எழுதியவருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இது நவீன காலத்து வாதமும் அல்ல, கி.பி. 3-ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி போர்பிரியே இதைச் சொல்லிவிட்டார்.

சரி, இன்னும் பிந்தைய காலத்துக்குத் தள்ளலாமா? சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த தானியேல் பிரதிகளில் ஒன்று கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அதனால் அதிகம் தள்ள முடியாது. தானியேலைச் சிங்கக் கெபியில் (குகையில்) போட்டது போன்ற முதல் 6 அதிகாரக் கதைகள் மட்டும் இதைவிடப் பழையவை.

பாரம்பரிய நம்பிக்கையாளர்கள் இதை ஏற்பதில்லை. பொருந்தாத கடைசி வசனங்கள் இனி வரப்போகும் இறுதிக் காலத்தைப் பற்றியவை என்கிறார்கள். ஆனால் கதையின் ஓட்டத்தில் அப்படி ஒரு தாவல் எனக்குத் தெரியவில்லை.