ரயில் பாதை 2026 ஏப்ரல் வரை மூடல்: மாற்று பஸ்ஸோடு எப்படிக் காலம் தள்ளுவது?

கேள்வி (2025 கடைசியில் வந்தது): ஜெர்மனியில், ஹாம்பர்க்கிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி ஷ்வார்ட்ஸென்பெக்கில் குடியிருக்கிறோம். என் அலுவலகம் ஹாம்பர்க் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஆகஸ்டில் ஹாம்பர்க்–பெர்லின் ரயில் பாதையை மூடியதிலிருந்து மாற்று பஸ்தான். ரயிலில் அரை மணி ஆன பயணத்துக்கு இப்போது ஒன்றேகால் மணி, சில நாள் ஒன்றரை மணி ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். மனைவிக்கு ஷிஃப்ட் வேலை என்பதால் மாலை ஐந்துக்குள் மகனைக் கிட்டாவிலிருந்து (குழந்தைகள் காப்பகம்) நான்தான் கூட்டிவர வேண்டும். டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருக்கிறேன். இழப்பீடு கேட்கலாமா? தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்களா? ஏப்ரல் வரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில்: ஏமாற்றம் தரும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பயணமும் முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆவதற்கு இழப்பீடு கிடையாது. தாமதம் என்பதைச் சட்டம் எப்போதும் அன்றைக்கு அமலில் இருக்கும் கால அட்டவணையை வைத்துத்தான் கணக்கிடும். மூடலை முன்கூட்டியே அறிவித்து, பஸ் நேரங்களைப் புது அட்டவணையாக வெளியிட்டுவிட்டார்கள். பழைய ரயிலோடு ஒப்பிட்டு நாம் நொந்துகொள்ளலாம், வழக்கு நிற்காது.

ஆனால் அந்தப் புது அட்டவணைப்படியும் வண்டி ஓடாமல், சேர வேண்டிய இடத்துக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தால் உரிமை உண்டு. சாதாரண டிக்கெட் என்றால் 60 நிமிடத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு இந்தக் கணக்கு இல்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் 1.50 யூரோ மட்டும். அதிலும் மொத்தம் 4 யூரோவுக்குக் குறைந்தால் தர மாட்டார்கள். அதாவது மூன்று தாமதங்களைச் சேர்த்து ஒரே தடவையாக விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் மூன்று மாதக் கெடுவுக்குள். பஸ் எண், புறப்பட வேண்டிய நேரம், உண்மையில் சேர்ந்த நேரம் இவற்றை அன்றன்றே போனில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. கிடைக்கப்போவது ஒரு காபிக் காசுதான், எதிர்பார்ப்பை அதற்குமேல் வளர்க்காதீர்கள்.

இதைவிடப் பெரிய உரிமை ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அன்றைய கடைசி வண்டி ரத்தாகி, நள்ளிரவுக்குள் வேறு எப்படியும் ஊர் போய்ச் சேர முடியாது என்றால், 120 யூரோ வரை டாக்ஸிச் செலவைத் திரும்பக் கேட்கலாம். நள்ளிரவுக்கும் காலை ஐந்துக்கும் இடையில் சேர வேண்டிய வண்டி ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றாலும் அப்படியே. ரயில் நிறுவனமே வேறு வண்டி ஏற்பாடு செய்தால் அதில்தான் போக வேண்டும். இல்லையென்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனைவி இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் அவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

சரி, அன்றாடப் பாட்டுக்கு வருவோம். 2024-இல் ஃபிராங்க்ஃபர்ட்–மான்ஹைம் பாதையை ஜூலை முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் முழுதாக மூடி வேலை பார்த்தார்கள். அதே முறைதான் இங்கேயும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழுது பார்த்துப் பல வருஷம் தொல்லை கொடுப்பதற்குப் பதில், தண்டவாளம், சிக்னல், நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பிப்பது. இது 2025 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது, 2026 ஏப்ரல் 30 வரை என்று திட்டமிட்டார்கள். பெர்லின் போகும் விரைவு ரயில்கள் உல்ட்ஸென், ஸ்டெண்டால் வழியாகச் சுற்றி, முக்கால் மணி கூடுதலாக எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முழு அடியும் வாங்குவது நடுவில் இருக்கும் சின்ன ஊர்க்காரர்கள்தான்.

என் யோசனை ஒன்றே ஒன்று: பஸ்ஸில் உட்காரும் தூரத்தைக் குறையுங்கள், ரயிலில் போகும் தூரத்தைக் கூட்டுங்கள். ஷ்வார்ட்ஸென்பெக்கிலிருந்து கிளம்பும் பஸ் ஊர்ப்புறச் சாலையில் நன்றாகத்தான் போகும். நேரத்தைத் தின்பது ஹாம்பர்க் நகரத்துக்குள் நுழையும் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். அந்தப் பகுதிக்கு உங்களுக்குத் தனித் தண்டவாளத்தில் ஓடும் எஸ்-பான் என்னும் புறநகர் ரயில் இருக்கிறது. எஸ்2 தடம் ஆவ்முலே வரை வருகிறது, சாக்ஸன்வால்ட் காட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அதைப் பிடித்துவிடலாம். அங்கிருந்து மத்திய நிலையத்துக்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேல்.

கார் இருந்தால் ஆவ்முலேயில் நிறுத்திவிட்டு எஸ்2 பிடியுங்கள். இல்லையென்றால் அதே எஸ்2 தடத்தில், ஹாம்பர்க்குக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் பெர்கெடோர்ஃபில் நிற்கும் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இறங்கிவிடுங்கள்; ஆவ்முலேயைவிட அங்கிருந்து எஸ்-பான் அடிக்கடி உண்டு. ‘நேரே போகும் பஸ்ஸை விட்டு எதற்கு மாறி ஏறுவது?’ என்று தோன்றும். மாறி ஏறுவதில் பத்து நிமிடம் போகலாம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் தினமும் அதே பத்து நிமிடம்தான். நெரிசலில் மாட்டும் பஸ் ஒரு நாள் ஐந்து நிமிடம் பிந்தும், மறுநாள் நாற்பது. ஒரு வாரம் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எஸ்-பானிலும் வார இறுதிகளில் வேலை வைப்பார்கள், கிளம்பும் முன் ஆப்பைப் பார்த்துவிடுங்கள்.

மாற்று பஸ் எப்போதும் ரயில் நிலைய வாசலில் நிற்கும் என்று நினைக்காதீர்கள். நிறுத்தம் ஒரு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். முதல் நாளே நடந்து பார்த்துக்கொள்வது நல்லது. நம் ஊர் மாதிரி ஓடிவந்து கை காட்டினால் டிரைவர் பிரேக் போடுவார் என்ற நம்பிக்கையும் வேண்டாம். சைக்கிளைக் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால், பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று உறுதியில்லை. உள்ளூர் ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ்ஸில் உங்கள் டிக்கெட் செல்லும். ஆனால் உள்ளூர் வண்டி தாமதம் என்பதற்காக இதே டிக்கெட்டில் ஐசிஇ அதிவேக ரயிலில் ஏறிவிட முடியாது. அந்தச் சலுகை டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களைக் கூட்டிக்கொள்ள முடிந்தால் டிக்கெட்டையும் யோசியுங்கள். 2025-இல் மாதம் 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதத்தோடு முடியும்.

சம்பள விஷயம். வேலைக்கு நேரத்தில் வந்து சேரும் பொறுப்பு ஊழியருடையது என்பதுதான் ஜெர்மன் சட்டம். ரயில் ஓடவில்லை, பனி கொட்டியது என்று எதைச் சொன்னாலும் வராத நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியாது. மாதக்கணக்கில் அறிவித்த மூடல் என்றால், முன்கூட்டிக் கிளம்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். அடிக்கடி பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம்கூட வரலாம். அதனால் தாமதமான பிறகு மன்னிப்புக் கேட்பதை விட, இப்போதே மேலாளரிடம் பேசி, ஏப்ரல் வரை அலுவலக நாட்களைக் குறைக்கவோ, காலை ஏழு மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்பவோ அனுமதி வாங்குங்கள். பேசியதை இரண்டு வரி மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் கேட்டால் கிடைத்துவிடும், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம்.

எல்லோரும் காலையைத் திட்டமிட்டுவிட்டு மாலையை விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் மாலைதான் முக்கியம். காலையில் பிந்தினால் மேலாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மாலையில் பிந்தினால் பிள்ளை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஐந்து மணிக்கு இருபது நிமிடம் முன்னதாகச் சேரும் வண்டியைத்தான் உங்கள் வண்டியாக எண்ணுங்கள், அடுத்தது இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பக்கத்து வீட்டுக்காரர், கிட்டா தோழனின் அம்மா என்று நம்பிக்கையான ஒருவர் பெயரைப் பிள்ளையைக் கூட்டிப்போகும் அனுமதிப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். படிவம் இல்லாமல் போனில் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். அவர் முதல் தடவை போகும்போது அடையாள அட்டையும் கேட்பார்கள்.

கடைசியாக வரி. வேலைக்குப் போகும் தூரத்துக்கு வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தூரப்படி, பஸ் சுற்றிப் போவதால் அதிகமாகாது; பொதுவாகச் சாலை வழியே உள்ள குறுகிய தூரம்தான் கணக்கு, அதுவும் ஒரு வழி மட்டும். 2025-க்கு முதல் 20 கி.மீ.க்கு கிலோமீட்டருக்கு 30 சென்ட், அதற்கு மேல் 38 சென்ட். உங்கள் 40 கி.மீ.க்கு ஒரு நாளைக்கு 13.60 யூரோ. வருஷத்தில் 140 நாள் போனால் 1,904 யூரோ. ஊழியர் எல்லோருக்கும் வேலைச் செலவாகத் தானாகவே கழிக்கும் 1,230 யூரோவை இதுவே தாண்டிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களுக்கு நாளொன்றுக்கு 6 யூரோ வீதம் 1,260 யூரோ வரை அதோடு சேரும். எந்த நாள் அலுவலகம், எந்த நாள் வீடு என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். பஸ் தாமதத்தைப் போனில் குறிக்கும் அதே இடத்தில் இதையும் எழுதிவிடுங்கள்.