தேயிலைத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் மாசியில் குறைகிறது, 60 குடும்பத்துக்கு எப்படிச் சமாளிப்பது?

முதலில் அளந்து பாருங்கள். 20 லீற்றர் வாளியைப் பீலியில் வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். ஹட்டன், நுவரெலியா பக்கம் பெப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும். பதுளைப் பக்கம் ஓகஸ்ட் சரி. மழை மாதத்துக் கணக்கை நம்பித் தாங்கி கட்டினால் கோடையில் ஏமாற்றம்தான்.

40 செக்கன் என்றால் செக்கனுக்கு அரை லீற்றர், நாளுக்கு 43,200 லீற்றர். 60 குடும்பத்தில் 300 பேர் என்றால், ஆளுக்கு 100 லீற்றர் வீதம் 30,000 போதும். ஆக, பெரும்பாலும் குறை தண்ணீரில் இல்லை. இரவில் வீணாக ஓடுவதில்தான். இரவு 10 மணித்தியாலத்தில் மட்டும் 18,000 லீற்றர் போகிறது. அதைப் பிடிக்கும் அளவுக்குத் தாங்கி வையுங்கள். தாங்கிக்கு முன்னால் மணல் படியும் சிறு தொட்டி அவசியம். இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே குழாய் அடைக்கும். வழிந்தோடும் நீரைத் திரும்ப ஓடைக்கே விடுங்கள், கீழ் லயத்தாரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டமும் மலசலக்கூடக் குழியும் கூடவே கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உர நைத்திரேற்று போகாது. மேல்மலைத் தேயிலைக் கான்களில் (வடிகால்களில்) இடையிடையே மண் தடுப்பு விட்டு, மே மாத மழைக்கு முன் வண்டலை அள்ளுங்கள். தண்ணீர் நின்று ஊறினால்தான் கோடையில் ஊற்று சுரக்கும். ஆனால் நிலம் வெடித்திருக்கும் சரிவில் நீரைத் தேக்க வேண்டாம், மண்சரிவு வரும்.