மேய்ச்சல் நாட்டுக்கு முதலீட்டாளரை அழைக்கும் முன்: வடகென்யா பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கென்யாவின் வடபகுதியில் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகத்துக்காக முதலீட்டுக் கையேடு தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். எண்ணெய், காற்று, கட்டுமானக் கல், லட்சக்கணக்கில் ஆடுமாடு என எல்லாம் இருக்கிறது. முதலீட்டாளர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கையேட்டில் எதை முன்னால் வைப்பது?

பதில்: நிலத்தை வையுங்கள். காற்று வேக வரைபடமும் தாதுப் பட்டியலும் நைரோபியிலேயே கிடைக்கும். அதற்காக யாரும் வடக்கே துர்க்கானா கவுண்டியின் தலைநகரான லோட்வார் வரை வரத் தேவையில்லை. முதலீட்டாளரின் வக்கீல் முதலில் கேட்பது, "இந்த இடம் யாருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை?" என்பதைத்தான். கவுண்டிக் கையேடுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மழுப்புகின்றன. 'பயன்படுத்தப்படாத தரிசு' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. வடக்கில் அப்படி ஒரு நிலம் கிடையாது. எட்டு மாதம் ஆளரவமே இல்லாத சமவெளி, வறட்சி முற்றும்போது மூன்று சமூகங்களின் மந்தைக்குக் கடைசிப் புகலிடமாக இருக்கும்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துர்க்கானா ஏரிக்குக் கிழக்கே, மார்சபிட் கவுண்டியில் உள்ள காற்றாலைத் திட்டமே சான்று. 365 காற்றாலைகள், 310 மெகாவாட், 60 கோடி யூரோவுக்கு மேல் முதலீடு. 1,50,000 ஏக்கர் குத்தகைக்கு விடப்பட்டது. உள்ளூர் மக்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். ஆலை 2018இல் மின்கட்டத்தோடு இணைந்து உற்பத்தியும் தொடங்கிய பிறகு, 2021 அக்டோபரில் மேருவில் உள்ள சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் அந்தப் பட்டாக்கள் சட்டப்படி பெறப்பட்டவை அல்ல என்று தீர்ப்பளித்தது. காற்றாலைகளுக்கு நடுவே மந்தைகள் மேயத் தடை இல்லை; அதனால் பிரச்சினை மேய்ச்சலை மறித்தது மட்டும் அல்ல. நிலத்தை ஒதுக்கியபோது பின்பற்றியிருக்க வேண்டிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதே வழக்கின் அடிப்படை. இந்த வழக்கைப் படிக்காமல் இனி எந்த வங்கியும் வடக்கில் கடன் கொடுக்க வராது. கையேட்டைப் படிப்பவர் மனதில் இது ஓடிக்கொண்டிருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

இப்போது நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டின் சமூக நிலச் சட்டம். சமூகம் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வயதுவந்த உறுப்பினர் அனைவரும் சேர்ந்ததுதான் சமூகப் பேரவை. அது 7 முதல் 15 பேர் கொண்ட நில நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். பதிவாகாத சமூக நிலத்தைக் கவுண்டி அறங்காவலராக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ அதற்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு வேலை கொடுத்ததே கவுண்டிதான் என்பதால் சொல்கிறேன்: 'கவுண்டி நிலம் ஒதுக்கித் தரும்' என்ற வரி வரைவில் இருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

முதலீட்டு ஒப்பந்தத்துக்கு இதே சட்டத்தின் 36ஆம் பிரிவு. சுற்றுச்சூழல், சமூக, பண்பாட்டு, பொருளாதாரத் தாக்க மதிப்பீடு, கலந்தாய்வு, இழப்பீடும் பங்குத்தொகையும், வேலை முடிந்தபின் நிலத்தைச் சீர்செய்வது எல்லாம் அதில் பேசப்பட வேண்டும். பிறகு பேரவை கூடி ஒப்புதல் தர வேண்டும்: வயதுவந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டத்தில் இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கோடையில் இளைஞர்கள் மந்தையோடு 'ஃபோரா' எனப்படும் தொலைதூரப் பட்டிகளுக்குப் போயிருப்பார்கள். அப்போது கூட்டம் போட்டால் வருபவர்கள் சிறுநகர வாசிகளும் முதியவர்களும்தான். வருகைப் பதிவில் எண்ணிக்கையை எப்படியாவது காட்டிவிடலாம். ஆனால் அந்த நிலத்தை உண்மையில் பயன்படுத்துபவன் ஒப்புதல் தரவில்லை. அவன் திரும்பி வரும்போது வேலி நிற்கும், தகராறு தொடங்கும். ஆகவே கூட்டத்தை மழை பெய்து மந்தை வீடு திரும்பியிருக்கும் காலத்தில், அதாவது ஏப்ரல்–மே அல்லது நவம்பர்–டிசம்பரில் வையுங்கள். ஒரே கூட்டம் போதாது: திட்டத்தை விளக்க ஒன்று, ஊருக்குள் பேசிக்கொள்ள அவகாசம், முடிவெடுக்க மற்றொன்று. பெண்கள் தனியாகப் பேச ஒரு அமர்வு கட்டாயம் வேண்டும். தண்ணீர் எடுப்பதும் பால் ஆடுகளைப் பார்ப்பதும் அவர்கள். கிணறு திட்டப் பரப்புக்குள் வருகிறதா என்பதை முதலில் கவனிப்பதும் அவர்கள்தான்.

கூட்டத்துக்கு முன் வரைபடம் தயாராக வேண்டும். செயற்கைக்கோள் படத்தை அச்சடித்துத் தரையில் விரித்து, மேய்ப்பவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்: கோடை மேய்ச்சல் ஒதுக்கிடம், வலசைப் பாதை, ஆழ்துளைக் கிணறு, ஆற்றுமணலில் தோண்டும் ஊற்று, உப்பு நக்கும் இடம், சடங்கு மரம். ஒருமுறை மழைக்காலத்தில், ஒருமுறை கோடையில். இரண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகாத இடங்களே உங்களுக்கு வேண்டிய தகவல். பக்கத்துச் சமூகம் வறட்சியில் மட்டும் வந்து மேய்க்கும் இடங்களை வேறு நிறத்தில் காட்டுங்கள். அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்காது, ஆனால் வழக்கத்தால் வந்த உரிமை உண்டு. துர்க்கானாவில், அண்டைச் சமூகமான போகோட்டு மக்களின் எல்லையை ஒட்டிய இடம் என்றால் இதில் தவறு நேர்ந்தால் உயிரே போகும்.

அடுத்து, எந்தத் துறை. எல்லாக் கவுண்டியும் எண்ணெயை முன்னால் நிறுத்த ஆசைப்படுகிறது. துர்க்கானாவின் தெற்கு லோகிச்சார் படுகையில் 2012இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். லாரியில் ஏற்றி மொம்பாசாவுக்கு அனுப்பும் சோதனைத் திட்டம் 2018 ஜூனில் தொடங்கியது. பாதுகாப்பும் வேலையும் கேட்டு மக்கள் சாலையை மறித்ததில் சில வாரங்களுக்கு நின்றே போனது. அந்த எண்ணெய் மெழுகுத்தன்மை கொண்டது. குளிர்ந்தால் உறையும், சூடேற்றித்தான் கடற்கரைக்குக் கொண்டுபோக முடியும். அது கவுண்டி கையில் இருக்கும் விஷயம் அல்ல. உங்கள் கையில் இருப்பது கால்நடை.

அதிலும் நேராக ஒரு பெரிய இறைச்சி ஆலைக்குப் போய்விடாதீர்கள். வடக்கில் ஆலைகள் முடங்கக் காரணம் இயந்திரம் அல்ல, கணக்கு. நாளைக்கு 500 ஆடு வெட்டும் ஆலைக்கு ஆண்டில் 300 வேலைநாள் என்றால் 1,50,000 ஆடு வேண்டும். மந்தையில் பத்தில் ஒன்றுதான் ஆண்டுக்கு விற்பனைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், சுற்றுவட்டாரத்தில் 15 லட்சம் ஆடு இருக்க வேண்டும். அத்தனையும் உங்களுக்கே வர வேண்டும், நைரோபித் தரகர் எதையும் வாங்கக் கூடாது. தண்ணீர் ஆட்டுக்குச் சுமார் 100 லிட்டர் வீதம் நாளைக்கு 50,000 லிட்டர். மாட்டுக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர். இதைச் சரக்கு வருமா, தண்ணீர் வருமா என்று பிரித்து எழுதுங்கள்.

வரத்தும் சீராக இருக்காது. மேய்ப்பவர் விலை ஏறியதற்காக விற்பதில்லை. பள்ளிக் கட்டணம், மாவு, மருந்து என்று பணம் தேவைப்படும்போது விற்கிறார். வறட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எலும்பும் தோலுமாக ஓட்டி வருவார்கள். மழை வந்தால் மந்தையைப் பெருக்க ஒருவரும் விற்க மாட்டார். பெருமழை வந்தால் வேறு ஆபத்து: வெள்ளத்தில் பெருகும் கொசுவால் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல். 2006–07இல் கரிசா பகுதியில் அது பரவியபோது சந்தைகளே மூடப்பட்டன. ஆகவே சிறிய வெட்டுக்கூடம், அதோடு 60 முதல் 90 நாள் வரை வைத்துத் தீனி போட்டுத் தேற்றும் பட்டி, ஆடு கைமாறிய அன்றே ரொக்கம் கொடுக்க நடைமுறை மூலதனம். கடைசியாகச் சொன்னதைத்தான் திட்ட அறிக்கைகள் மறக்கின்றன. ஒருமுறை கடன் சொல்லி அனுப்பிய ஆலைக்கு மறுமுறை மந்தை வராது.

தீனிக்குச் சீமைக்கருவேலம் கை கொடுக்கும். அங்கே 'மதெங்கே' என்று திட்டுகிறார்கள். நம்மூர்க்காரருக்கு அந்தக் கோபம் புரியும். காய் சத்தானது, ஆனால் அரைத்துக் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுதாகத் தின்றால் ஆட்டின் பல் சொத்தையாகும், விதை எச்சத்தில் போய் இன்னும் பரவும்.

கையேட்டில் பெரிய எண்களைப் போடுவதில் அடக்கம் வேண்டும். துர்க்கானாவின் லொட்டிகிப்பியில் மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் இருப்பதாக 2013இல் உலகமே பேசியது. பிறகு தோண்டிச் சோதித்தபோது நீர் குடிக்க முடியாத அளவுக்கு உப்பாக இருந்தது. ஆகவே ஆழ்துளைக் கிணற்றின் ஊறல் அளவையும் உப்பின் அளவையும் சோதித்த தேதியோடு போடுங்கள். சோதிக்காததைப் போடாதீர்கள்.

வருவாய்ப் பங்கையும் ஒளிக்காமல் எழுதுங்கள். 2016 சுரங்கச் சட்டப்படி உரிமத்தொகையில் மத்திய அரசுக்கு 70, கவுண்டிக்கு 20, சமூகத்துக்கு 10 சதவீதம். 2019 பெட்ரோலியச் சட்டப்படி அரசின் பங்கில் கவுண்டிக்கு 20, சமூகத்துக்கு 5. இது சட்டம் தருவது. முதலீட்டாளர் 36ஆம் பிரிவின் கீழ் சமூகத்தோடு பேசித் தருவது வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் காட்டினால், பணம் வராத முதல் ஆண்டிலேயே கம்பெனி வாசலில் கூட்டம் சேரும்.

முதலீட்டாளர்களைச் சுற்றிக் காட்ட ஆகஸ்ட்–செப்டம்பரில் அழைத்து வாருங்கள். மே மாதத்தில் பச்சைப் பசேலென்று காட்டினால் படம் நன்றாக இருக்கும், ஆனால் அவர்கள் கேட்கும் தண்ணீர்க் கேள்விகள் எல்லாம் தப்பாக இருக்கும்.