18,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய ஒன் எம்: வாங்கலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "உம்ஷ்லாங்காவில் ஒருவர் தமது 2011ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ ஒன் சீரிஸ் எம் கூபேயை விற்கிறார். 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் அதே நிறுவனத்தின் புதிய எம்2 காரின் விலையை நெருங்கிக் கேட்கிறார். இத்தனை பழைய வண்டிக்கு இவ்வளவு கொடுப்பது தகுமா? வாங்கி ஓட்டாமல் நிறுத்திவைத்தால் விலை ஏறும் என்கிறான் என் தம்பி. அது சரியா?"

ஒன் எம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் காரின் விலை ஏன் இப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் 2011 முதல் 2012 வரை உருவான இந்தக் கூபே, உலகம் முழுவதற்குமாக 6,309 மட்டுமே. முதலில் 2,700 போதும் என்றுதான் நிறுவனம் நினைத்திருந்தது. சிறிய ஒன் சீரிஸ் உடலுக்குள் எம்3 காரின் அச்சுகளையும் பிரேக்குகளையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் பொருத்தி, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ இன்ஜினை அமர்த்தினார்கள். திறன் 250 கிலோவாட். எடை ஏறத்தாழ 1,500 கிலோ. ஆறு வேகக் கைகியர் தவிர வேறு தேர்வே கிடையாது. இன்றைய எம்2 இதைவிட வேகமானதுதான். ஆனால் சுமார் 200 கிலோ கூடுதல் எடையைச் சுமக்கிறது. ஒன் எம்மின் ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் சாலையின் சொரசொரப்பு கைக்கு வந்து சேரும் விதம், மின்சார ஸ்டீயரிங் கொண்ட எம்2வில் கிடைக்காது. அந்த உணர்வுக்காகத்தான் பணம் கொடுக்கிறார்கள், வேகத்துக்காக அல்ல.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. சில விதிவிலக்குகள் நீங்கலாக, பழைய கார்களைத் தென்னாப்பிரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. ஆகவே அன்று இங்கே புதிதாக விற்றவை எத்தனையோ, அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை மட்டுமே நம் சந்தை. பிரிட்டோரியா அருகே ரோஸ்லின் ஆலையில் எண்பதுகளில் இருநூற்றுச் சொச்சம் மட்டுமே கட்டப்பட்ட '333i' என்னும் பி.எம்.டபிள்யூ காருக்கு இன்று எவ்வளவு கேட்கிறார்கள் என்பது, பி.எம்.டபிள்யூ என்றால் உயிரை விடும் சாட்ஸ்வொர்த்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்த 18,000. குறைந்த ஓட்டம் என்பது தன்னளவில் நற்சான்றிதழ் ஆகாது. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால், வண்டி மாதக்கணக்கில் நின்றிருக்க வேண்டும், அல்லது கடைத்தெருவரை போய்த் திரும்பும் குறும்பயணங்களே செய்திருக்க வேண்டும். இன்ஜின் எண்ணெய் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிட்டால், எரிபொருளும் ஈரமும் எண்ணெயோடு கலந்து தங்கிவிடும். ரப்பர் சீல்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடையும். ஆகவே ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் சர்வீஸ் ஆவணங்களைத் தேதி வாரியாகப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை எண்ணெயும் இரண்டு ஆண்டுக்கொரு முறை பிரேக் திரவமும் மாற்றப்பட்டிருந்தால் அந்த உரிமையாளர் விஷயம் தெரிந்தவர். "ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?" என்று அவர் சொன்னால் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். மேற்பரப்பின் பட்டன் வரிகள் தேயாத டயர், தயாரித்துப் பத்தாண்டு கடந்ததாக இருந்தால், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் என்3 நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. ஓட்டக் கணக்கு ஓடோமீட்டரில் மட்டுமன்றிச் சாவியிலும் பதிவாகும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று இந்த நிறுவனக் கார்களில் தேர்ந்த பட்டறையில் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த இன்ஜின் என்54 என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. உயரழுத்த எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர்கள், மின்சாரத் தண்ணீர் பம்பு, ஆயில் ஃபில்டர் பொருந்தும் கூட்டின் கேஸ்கெட், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வில் எழும் கிலுகிலுப்பு ஆகியவை இதில் நன்கறியப்பட்ட தொல்லைகள். எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்வதால் உள்ளிழுக்கும் வால்வுகளில் கரி படியும். எவையெல்லாம் மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். இன்ஜினின் கணினி நிரலை மாற்றித் திறன் கூட்டப்பட்டிருந்தால், பிறகு பழைய நிலைக்கே திருப்பியிருந்தாலும், சேகரிப்பாளர் கண்ணில் அதன் மதிப்பு ஒரு படி இறங்கும்.

வண்டி கடலோர உம்ஷ்லாங்காவில் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். உப்புக்காற்று பிரேக் வட்டுகளையும் அடிப்பகுதி போல்ட்டுகளையும் அரிக்கும். டர்பனின் ஈரம் இருக்கைத் தோலிலும், மென்தோல் போன்ற அல்கான்டாரா துணியிலும் பூஞ்சை பிடிக்க வைக்கும். லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்காமல் ஒரு ராண்டும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதிவுச் சான்றிதழில் வாகனத்தின் நிலைக் குறியீடு கோடு 2 (Code 2), அதாவது பயன்படுத்திய வாகனம், என்று இருக்க வேண்டும். கோடு 3 என்றால் ஒரு காலத்தில் நொறுங்கி மீண்டும் கட்டப்பட்டது. அதை இந்த விலைக்குத் தொடவே வேண்டாம். சாலைத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்பதில் மனம் நிறைந்துவிடாதீர்கள். அது பாதுகாப்பைச் சோதிக்குமே தவிர இன்ஜினின் உள்நலத்தைச் சொல்லாது. தனிநபர் விற்பனைக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகத் துணை வராது. ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது குறைகளோடு உள்ளபடியே, என்று எழுதி விற்பார்கள். குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் பின்னர் வழக்காட முடியும் என்பதால், கேட்ட கேள்விகளையும் பெற்ற பதில்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி சொல்வது பாதி சரி. குறைந்த ஓட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கரையும். ஆனால் ஓட்டாமல் வைத்தால் மேலே சொன்ன கேடுகளை நீங்களே தொடர்வீர்கள். ஞாயிறுதோறும் எம்4 கடற்கரைச் சாலையில் ஓட்டத்தான் ஆசை என்றால், ஒழுங்கான ஆவணங்களோடு 60,000 கிலோமீட்டர் ஓடிய ஒன் எம்மைத் தேடுங்கள். அதில் பழுதாக வேண்டியவை பெரும்பாலும் பழுதாகி மாற்றப்பட்டிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். சேகரிப்புக்காகத்தான் என்றால் இதையே வாங்கலாம். மாதம் ஒரு முறையாவது இன்ஜின் முழுச்சூடு அடையும்வரை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். மற்ற நாட்களில் பேட்டரிக்குப் பராமரிப்பு சார்ஜரை இணைத்து வையுங்கள். காப்புறுதியைச் சந்தை மதிப்புக்கு எடுக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு எழுதி வாங்குங்கள். கண்காணிப்புக் கருவி பொருத்தச் சொல்லிக் காப்புறுதி நிறுவனம் கேட்கக்கூடும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.