ரோமானிய வெற்றிப் பொற்காசுகள்: கேள்வி பதில்

செல்வி: போரில் வென்றதைச் சொல்லத் தங்கக் காசு எதற்கு? செம்பு போதாதா?

செம்பு, வெள்ளியிலும் அடித்தார்கள். ஆனால் தங்கம் போய்ச் சேரும் கை வேறு. ஓர் ஔரியஸ் பொற்காசுக்கு 25 வெள்ளி தெனாரியஸ். பேரரசர் டொமிஷியன் காலம் வரை சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 225 தெனாரியஸ்தான், அதாவது ஒன்பது பொற்காசு. பேரரசருக்கு யார் தயவு தேவையோ, அந்தப் படைத்தலைவர்களும் பெரிய மனிதர்களும்தான் தங்கத்தை அதிகம் பார்த்தவர்கள்.

முருகேசன்: பேரரசர் கிளாடியஸ் காசில் ஒரு வெற்றி வளைவு இருக்கிறதே, அது இன்னும் ரோமில் நிற்கிறதா ஐயா?

இல்லை. கல்வெட்டுத் துண்டுகள்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டன் படையெடுப்பு கி.பி. 43இல், வளைவு போட்ட காசு 46-47இலேயே வந்துவிட்டது, ரோமில் வளைவைத் திறந்ததோ 51 வாக்கில். கட்டி முடிக்காத கட்டடத்துக்கு முன்கூட்டியே விளம்பரம்! உச்சியில் குதிரைமேல் ஒருவர், இரு பக்கமும் எதிரிகளிடம் பறித்த ஆயுதக் குவியல், நடுவே 'தே பிரிட்டன்', அதாவது பிரிட்டானியரை வென்றதற்காக என்ற எழுத்து. இத்தனைக்கும் கிளாடியஸ் பிரிட்டனில் இருந்தது 16 நாள் என்கிறார் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ.

ரஹீம்: அப்படியென்றால் காசில் இருப்பதை நம்பலாமா?

பாதி நம்பலாம். பேரரசர் வெஸ்பாசியன் காசில் வெற்றிச் சின்னத்தின் அடியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் யூதப் பெண், அதாவது தோற்ற யூத நாட்டின் உருவம், பொய்யில்லை. 70இல் ஜெருசலேம் நிஜமாகவே விழுந்தது. பேரரசர் டிராஜன் விஷயம் வேறு. 116 வாக்கில் 'பார்த்தியா காப்டா', அதாவது ரோமின் கிழக்குப் பகை நாடான பார்த்தியா பிடிபட்டது என்று அடித்தார். தலைநகர் டெசிஃபோனைப் பிடித்தது உண்மைதான். ஆனால் 117இல் அவர் இறந்ததுமே, அடுத்த பேரரசர் ஹாட்ரியன், அவர் பிடித்த மெசபடோமியாவை (இன்றைய ஈராக் பக்கம்) கைவிட்டுவிட்டார். காசு மட்டும் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது.

தமிழரசி: இந்தக் காலத்து ரோமானியத் தங்கம் நம் பக்கம் வந்ததா?

வராமலா! 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ஔரியஸ் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்லாமல் செய்து, வெறும் தங்கமாக எடைபோடத்தான் அப்படி வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். ரோமில் பெருமை, இங்கே எடை.

கணேசன்: கடையில் வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அசலா?

முதலில் எடை போடுங்கள். பேரரசர் நீரோ 64 வாக்கில் எடையைக் குறைத்த பிறகு ஏறக்குறைய 7.3 கிராம், அதற்கு முன் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்புறம் விளிம்பைப் பாருங்கள்: சுற்றிவர வார்ப்புத் தையல், அதாவது உருக்கி ஊற்றிய அச்சின் இணைப்புக் கோடு, தெரிந்தால் போலி. அசல் காசு அச்சில் சம்மட்டியால் அடித்தது.