நாற்பத்திரண்டு வயதில் கனடா: கோபியிலிருந்து எழுதிய தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, மெர்ச்சண்டைசிங் மேலாளராக உயர்ந்த தங்கள் மகன், 42 வயதில் மனைவியோடும் மகளோடும் கனடாவில் குடியேற நினைப்பதையும், அதற்காகத் தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற இரண்டு ஏக்கரை விற்கச் சொல்வதையும் எழுதி, அவருக்குப் புத்தி சொல்லி நிறுத்துமாறு கேட்டிருக்கிறீர்கள். பயணத்தை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. நிலத்தை விற்க வேண்டாம் என்று சொல்ல மட்டும் உறுதியான காரணம் இருக்கிறது.

வேலைக்காகவோ குடியேறவோ வெளிநாடு சென்றுவிட்ட ஒருவர், இந்தியக் குடிமகனாகவே நீடித்தாலும், அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. முன்பே தம் பெயரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், பெற்றோருக்குப் பின் வாரிசாக வருவதையும் பெறலாம். ஆகவே இன்று கைமாறும் வயலை, அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும், அங்கே குடியிருந்துகொண்டு அவர் திரும்ப வாங்க வழியில்லை. குடியேற்ற விண்ணப்பத்தில் காட்ட வேண்டிய கையிருப்புப் பணத்தில் நிலத்தின் மதிப்பு சேராது, பிறரிடம் வாங்கிய கடனும் ஏற்கப்படாது என்பதால் விற்கும் பேச்சு எழுந்திருக்கலாம். அந்தத் தொகைக்கு அவருடைய சேமிப்பு எவ்வளவு தூரம் வருகிறது என்று முதலில் கணக்கெழுதச் சொல்லுங்கள். குறைந்தால் ஓராண்டு சேர்த்துவிட்டுப் போகட்டும்.

ஓராண்டு தள்ளிப்போவதற்கும் விலை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். திறன்பெற்ற பணியாளர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி மதிப்பீட்டில், துணைவரோடு செல்லும் விண்ணப்பதாரருக்கு 20 முதல் 29 வயது வரை 100 புள்ளிகள். 42 வயதில் 25, 43இல் 15, 45இலிருந்து ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் புள்ளி அடிப்படையிலான திறன் விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும் நாளில் 45 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் பிளஸ் டூ முடிக்கும்வரை காத்திருந்தால் தங்கள் மகன் முதன்மை விண்ணப்பதாரராக, அதாவது குடும்பத்தில் யாருடைய தகுதியை முதன்மையாக வைத்து மதிப்பிடுகிறார்களோ அவராக, நிற்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிடும்.

ஆனால் தங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன செய்திதான் எனக்கு முக்கியமாகப்பட்டது: மருமகள் 38 வயது, பி.எஸ்சி. நர்சிங் படித்து ஈரோட்டில் பணியில் இருக்கிறார். அவரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் வயதுக்கு மட்டும் 55 புள்ளிகள். மூன்றாண்டு கழித்து, 41 வயதிலும் 35 இருக்கும். மருத்துவப் பணியாளர்களுக்கெனத் தனிப்பிரிவு அழைப்பும் 2023 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. செவிலியராகப் பணிபுரியச் செல்லும் மாகாணத்தில் பதிவு பெற வேண்டும், பெரும்பாலான மாகாணங்களில் என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வும் எழுத வேண்டும்; அது எளிதன்று, ஆனால் முடிவில் அவர் தம் தொழிலிலேயே நிற்பார். தங்கள் மகனின் நிலை வேறு. ஆயத்த ஆடை தைக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த நாடு அன்று கனடா. அங்கே அவருடைய பதினெட்டு ஆண்டு அனுபவத்துக்கு நேரான நாற்காலி கிடைப்பது அரிது. கிடங்கிலோ கடையிலோ தொடங்க அவர் மனம் ஒப்புகிறதா என்று அவரையே கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் புறப்பட்ட பல குடும்பங்களில் முதல் இரண்டாண்டு மிகவும் கசந்துபோனதைக் கண்டிருக்கிறேன்.

அந்த அனுபவத்துக்கு மதிப்புள்ள இடம் வங்கதேசம், இலங்கை, எத்தியோப்பியா போன்ற ஆடை ஏற்றுமதி நாடுகள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆப்பிரிக்காவில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனபோது தோட்டத்தை விற்றுவிட்டா போனார்கள்? ஒப்பந்த வேலையாக மூன்றாண்டு போய்வருவதும் வெளிநாடுதான். அதையும் எடைபோட்டுப் பார்க்கட்டும்.

ஏஜென்சியார் கல்லூரி டிப்ளமோவில் சேர்ந்து குடும்பத்தோடு போகலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய வழி. மாணவரின் துணைவருக்கான பணி அனுமதி 2025 ஜனவரி 21 முதல் பெரும்பாலும் 16 மாதத்துக்குக் குறையாத முதுகலைப் படிப்பு, முனைவர் பட்டம், குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் என்று சுருங்கிவிட்டது. அதை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

பேத்தியின் படிப்புக்காக அவசரப்படவும் வேண்டியதில்லை. 22 வயது நிறையாத, மணமாகாத பிள்ளையைச் சார்ந்தவராகச் சேர்த்துக்கொள்ள அந்நாட்டு விதி இடம் தருகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை இங்கேயே எழுதி முடிக்கட்டும்.

அடுத்த முறை கோவைக்கு வரும்போது மகனோடு மருமகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவருடைய பட்டச் சான்று, நர்சிங் கவுன்சில் பதிவு, பணி அனுபவக் கடிதங்கள், மகனின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை போதும். நிலப்பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.