ஐஸ்லாந்துக்கு டிசம்பரிலா, செப்டம்பரிலா?

கேள்வி: மகளின் அரையாண்டு விடுமுறையில் நான், கணவர், ஏழாவது படிக்கும் மகள், 66 வயது மாமியார் நான்கு பேரும் ஐஸ்லாந்து போகலாம் என்று இருக்கிறோம். கையில் எட்டு நாள். வாடகைக் கார் எடுத்து நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி, இரவு வானில் தெரியும் வடதுருவ ஒளியையும் பார்த்துவிட ஆசை. கணவர்தான் ஓட்டுவார். எரிமலை வெடித்துக்கொண்டே இருக்கிறதே என்று மாமியாருக்குப் பயம். அவர் சுத்த சைவம். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில், டிசம்பர் வேண்டாம். அந்த மாதக் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் உதிக்கவே காலை பதினொரு மணி தாண்டிவிடும். மாலை மூன்றரைக்கு மறைந்துவிடும். நாட்டைச் சுற்றும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அதில் பெரும்பகுதியை இருட்டில், பனிக்கட்டி படிந்த தாரில், நமக்குப் பழக்கமில்லாத வலப்பக்கமாக ஓட்ட வேண்டியிருக்கும். புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். கிழக்குக் கரையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால் திரும்பும் விமானம் போச்சு.

காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போங்கள். செப்டம்பர் கடைசியில் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இரவும் நன்றாக இருட்டும், அதனால் வடதுருவ ஒளிக்கும் வாய்ப்பு உண்டு. கரையோரச் சாலைகளில் பெரும்பாலும் பனி இருக்காது. விடுமுறை போதவில்லை என்றால் இரண்டு நாள் லீவு போடுங்கள். ஏழாவதுதானே, ஒன்றும் ஆகிவிடாது. கோடை விடுமுறையில் போனால் மே மாத நீண்ட பகல் கிடைக்கும், ஆனால் ஒளியைப் பார்க்க முடியாது.

செப்டம்பரிலும் முழுச் சுற்று வேண்டாம். பயணத்துக்கே இரண்டு நாள் போய்விடும். மிச்சமுள்ள ஆறு நாளில் சுற்றினால் மாமியாருக்குக் கார் சன்னல்தான் மிஞ்சும். தெற்கு மட்டும் போதும். முதல் நாள் ரெய்க்யவிக்கில் தூங்கி எழுங்கள். அடுத்த நாள் திங்வெட்லிர், கெய்சிர், குட்ல்ஃபோஸ் அருவி. திங்வெட்லிரில் பூமியின் மேலோட்டுத் துண்டுகளான வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் விலகிக்கொண்டிருக்கும் பிளவுக்குள்ளேயே நடக்கலாம். கி.பி. 930-இல் ஐஸ்லாந்தின் பொது மன்றம் கூடியதும் அங்கேதான். கெய்சிரில் ஸ்ட்ரோக்கூர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெந்நீரைப் பீய்ச்சும். மகள் அங்கிருந்து நகர மாட்டாள், நேரம் ஒதுக்கிவையுங்கள்.

அப்புறம் வீக் என்ற ஊர்ப் பக்கம் மூன்று இரவு. ரெய்க்யவிக்கிலிருந்து இரண்டரை மணி நேரம். வழியிலேயே செல்யாலண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள். அங்கிருந்து இன்னும் இரண்டரை மணி நேரம் கிழக்கே போனால் யோகுல்சார்லோன் ஏரி. பனியாற்றிலிருந்து உடைந்த பாளங்கள் நீல நிறத்தில் மிதந்து, கடலுக்குப் போய், கரிய மணலில் கண்ணாடித் துண்டுகளாக ஒதுங்கிக் கிடக்கும். அந்த ஒரு நாளுக்காகவே ஐஸ்லாந்து போகலாம் என்பேன். மூன்றில் ஒரு நாளை எதுவும் போடாமல் காலியாக விடுங்கள். மழையும் காற்றும் அந்த நாளை எடுத்துக்கொள்ளும்.

வடதுருவ ஒளிக்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் அறை எடுத்து, வானிலை நிலையத்தின் மேகப் படத்தை இரவு தோறும் பாருங்கள்.

எரிமலைக்கு வருகிறேன். 2021 முதல் வெடிப்பவை ரெய்க்யனெஸ் தீபகற்பத்தில், தரையில் பிளவு விட்டு லாவா வழிந்தோடும் வகை. கிரிண்டவிக் என்ற மீனவர் ஊரை 2023 நவம்பரில் காலி செய்ய நேர்ந்தது, உண்மைதான். ஆனால் நீங்கள் இறங்கும் கெஃப்லவிக் விமான நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. 2010-இல் ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியது வேறு வகை: பனிப்பாளத்துக்கு அடியில் வெடித்து, உருகிய நீர் பட்டு, எரிமலைக் குழம்பு நுண்ணிய சாம்பலாகச் சிதறியது. புளூ லகூன் என்ற பிரபல வெந்நீர்க் குளம் மட்டும் வெடிப்புப் பகுதிக்கு அருகிலேயே இருக்கிறது, பல தடவை மூடப்பட்டது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஊருக்கு ஊர் வெந்நீர் நீச்சல் குளம் உண்டு, கட்டணமும் புளூ லகூனைவிட மிகக் குறைவு. ஆனால் குளத்தில் இறங்குமுன் உடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி. தனித் தடுப்பு உள்ள குளமா என்று மாமியாருக்காக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அவர் பயப்பட வேண்டியது காற்றுக்கும் கடலுக்கும்தான். பலத்த காற்றில் கார்க் கதவைத் திறந்தால் பின்பக்கமாக மடங்கிவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அது பெரும்பாலும் வராது. காரைக் காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, கதவைப் பிடித்தபடியே திறக்கச் சொல்லுங்கள். வீக் பக்கத்து ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில், அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென ஒரு அலை வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துக்கொண்டு போகும். உயிர்கள் போயிருக்கின்றன. மகளின் கையை விடாதீர்கள், தண்ணீருக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். போனுஸ், குரோனன் கடைகளில் அரிசியும் பருப்பும் கிடைக்கும். பொடிகளை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். அங்கே எல்லோரும் தயிர் போன்ற ஸ்கிரைப் புகழ்வார்கள், ஆனால் அது மிகவும் கெட்டி. தயிர் சாதம் பிசைய சூர்மியோல்க் என்ற புளித்த பால்தான் சரி. குழாயில் வரும் குளிர்ந்த நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீரில் கந்தக வாடை அடிக்கும். பூமிக்கடியிலிருந்து வருவது, குளிக்கப் பயமில்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான் ஐஸ்லாந்துக்கும். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். டிக்கெட்டை லண்டன் வழியாகப் போடாமல் ஹெல்சிங்கி, கோபன்ஹேகன் போன்ற ஷெங்கன் ஊர் வழியாகப் போட்டால் பிரிட்டன் விசா விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணவருக்குச் சர்வதேச ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிடுங்கள். பல பெட்ரோல் பங்குகளில் ஆளே இருக்க மாட்டார்கள், இயந்திரம் கார்டின் பின் எண்ணைக் கேட்கும். பின் எண் போட்டுப் பயன்படுத்தும் கார்டு குறைந்தது இரண்டு கையில் இருக்கட்டும்.